தலைமாட்டுப் பக்கம்

இந்தப் பக்கம் வந்து உட்காரும்மா. அந்த ஓரத்தில் உட்கார்ந்தால் பெஞ்சு தூக்கிவிடும். பாஸ்போர்ட் படத்துக்கா? முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டு வந்திருக்கிறாயே, அதனால் கேட்டேன். குவைத்துக்கு, நர்ஸ் வேலைக்கா. நல்லது, கர்த்தர் நடத்துவார். என் மகன் ஜெரினும் மஸ்கட்டில்தான் இருக்கிறான். உன் படம் வரக் கொஞ்சம் நேரமாகும் என்று நினைக்கிறேன். கிங்ஸ்டன் உள்ளே கம்ப்யூட்டரில் என் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். என்னால் உனக்கும் தாமதம். மனசில் வைத்துக்கொள்ளாதே.

என்ன படம் என்று கேட்டால் சொல்லவே அருவருப்பாக இருக்கிறது. எங்க அம்மாவை அடக்கம் பண்ணின படம்.

நீயும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதானே, வழக்கம் தெரிந்திருக்கும். சர்ச் ஐயர் வந்து ஜெபம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் பெட்டியை முற்றத்துப் பந்தலில் வைத்து, முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று ஒரு படம் எடுப்போம் இல்லையா. அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி வீட்டில் மாட்டுகிறது. அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. நெருங்கினவர்கள் தலைமாட்டில், மற்றவர்கள் இரண்டு பக்கமும், தூரத்து ஆட்கள் கால்மாட்டில். எத்தனை வருஷம் ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தில் விரலை வைத்து, தலைமாட்டில் நிற்கிறது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். அங்கே நிற்கிறவள்தான் கடைசிவரை வைத்துப் பார்த்தவள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

எங்க அம்மா படத்தில் தலைமாட்டில் நிற்கிறது என் அண்ணன் மனைவி. ஸ்டெல்லா மைனி.

நான் எங்கே நிற்கிறேன் என்பதைப் பற்றிச் சொல்ல வரவில்லை. எனக்கு இந்தப் பெருமை எல்லாம் கிடையாது. பெண்கள் சங்கத்தில் கூட மேடையில் வந்து உட்காருங்க வயலட் அக்கா என்று கூப்பிடுவார்கள், நான் பின் வரிசையில் பாயில்தான் உட்காருவேன். ஆனால் ஒரு முறை இருக்கிறதா இல்லையா. பெற்ற மகள் கால்மாட்டிலும், வந்த மருமகள் தலைமாட்டிலுமா? அதுவும் மைனி அந்த வீட்டில் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் இருந்தது கிடையாது. சென்னையில் ஏதோ பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ். கிறிஸ்மஸுக்கு வந்தாலும் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்றாம் நாளே கிளம்பிவிடுவாள்.

அன்றைக்கு விமானத்தில் வந்து இறங்கினாள். வாசலில் ஒரு அழுகை. சரி, அழத்தான் வேண்டும், அதில் குறை சொல்லவில்லை. அழுது முடித்ததும் நேரே உள்ளே போய், அம்மாவின் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று, கைப்பையைத் திறந்து பவுடர் போட்டாள். நான் கண்ணால் பார்த்தேன். மூக்கு ஓரத்தில் ஒற்றி ஒற்றிப் போடுகிறாள். மாமியார் பெட்டியில் கிடக்கிறாள், உனக்கு மூக்கு சிவந்தது படத்தில் தெரியக்கூடாதா?

நானும் சேலை மாற்றினேன்தான், அது வேறு. ராத்திரி முழுக்க உடுத்தியிருந்த சேலை கசங்கிப்போயிருந்தது. அதோடு போய் நின்றால் அம்மாவுக்குத்தானே மரியாதைக் குறைவு. மாற்றினது வெள்ளையில் சின்னதாகச் சாம்பல் கரை போட்டது, பிரின்ஸி கோயம்புத்தூரில் எடுத்துக் கொடுத்தது. பிரின்ஸி என் மகள். இந்த மாதிரி ஒரு காரியத்துக்கு ஆகும் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன்.

பிறகு கிங்ஸ்டன் வந்தான். இப்போது உள்ளே இருக்கிறானே, இவன்தான். மெதுவாகப் பேசுகிறேன், காதில் விழப்போகிறது. சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது ஞாயிறு பள்ளியில் என் கையில் படித்தவன், ஆனால் அன்றைக்கு அவன் போட்ட அதிகாரத்தைப் பார்க்கணுமே. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு, "எல்லாரும் ஆர்டரா வாங்க. மூத்தவங்க தலைமாடு. பேரன் பேத்தி முன்னால. ஏ நீல சட்டை, மறைக்காத" என்கிறான். வரிசையில் நின்றதும் அடுத்த ஆர்டர். முகத்தைத் தூக்குங்க, கையைக் கட்டாதீங்க, அம்மாவைப் பாருங்க, இப்போ என்னையப் பாருங்க. அழுதுகொண்டிருந்த எங்க சின்ன அத்தையிடம், "பாட்டி, ஒரு நிமிஷம் நிறுத்திக்கோங்க, வாய் கோணலா விழுது" என்றான். அத்தையும் சட்டென்று நிறுத்திவிட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிளிக் என்று சத்தம் கேட்டதும் விட்ட இடத்தில் இருந்து மறுபடி அழ ஆரம்பித்தாள். எல்லாம் முடிந்து கீழே இறங்கி, கழுத்தை ஒரு துண்டால் துடைத்துக்கொண்டே அண்ணனிடம் வந்து, "எத்தனை காப்பிக்கு ஆர்டர் போடட்டும் சார்" என்று கேட்டான். பெட்டியை இன்னும் மூடவில்லை. அம்மா மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறது. இவன் காப்பிக் கணக்குக் கேட்கிறான்.

இவனையாவது தொழில் என்று விடலாம். மைனியைச் சொல்லு. இவன் வாயில் இருந்து தலைமாடு என்று வந்ததுதான் தாமதம், போய் நின்றுவிட்டாள். நான் முதலிலேயே அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என் முழங்கையைப் பிடித்து மெதுவாக நகர்த்தி, "வயலட், நீ கால்மாட்டுக்குப் போ. அங்க எல்லாம் குட்டையா இருக்காங்க, நீ நின்னாத்தான் பேலன்ஸ் ஆகும்" என்றாள். அசெம்பிளியில் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி. நான் என்ன, தராசுத் தட்டில் போடுகிற கல்லா? ஆனாலும், "சரி மைனி" என்று சொல்லிவிட்டுப் போனேன். அம்மாவை வைத்துக்கொண்டு சண்டையா போடுகிறது? ஆண்டவரே, இந்த ஸ்திரீயை மன்னியும் என்று உள்ளுக்குள் ஜெபித்துக்கொண்டேதான் நின்றேன். படத்தில் பார்த்தால் உதடு கொஞ்சம் அசைந்திருக்கிறது, அது அந்த ஜெபம்தான்.

அதிலேயும் பார், என் முகத்தில் பாதியைக் காணோம். மைனி பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த மலர்வளையம், நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தது, சரியாக எனக்கு முன்னால். பாதி முகமும் ஒரு பிளாஸ்டிக் ரிப்பனும். அந்த ரிப்பனில் மைனி பேரை எழுதியிருக்கிறார்கள். என் கழுத்தில் அவள் பேர் தொங்குகிற மாதிரி இருக்கிறது. நான் படுத்தால் அது கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

என்னம்மா? அம்மாவை யார் பார்த்துக்கிட்டாங்க என்றா கேட்கிறாய்? நர்ஸ் இல்லையா, உனக்கு அதுதான் கேட்கத் தோன்றும். எல்லாரும்தான் பார்த்தோம். அண்ணன் மாசாமாசம் பணம் அனுப்புவான். நான் வாரம் தவறாமல் போன் பண்ணுவேன். கூட இருந்தது பியூலா.

பியூலா என் தங்கச்சி, கடைசி. அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. வந்த இடம் எல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போனது. அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு போனதும் நாங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. யாராவது ஒருத்தர் வீட்டோடு இருக்கணும் இல்லையா. பால்வாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், அதையும் விட்டுவிட்டாள். நாங்கள் விடச் சொல்லவில்லை, அவளாகத்தான் விட்டாள். தூக்கி உட்கார வைக்கிறது, துடைக்கிறது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைக்கிறது, எல்லாம் அவளுக்குப் பழகிப்போனது. பழகினவர்களுக்குக் கஷ்டம் தெரியாது. எனக்கு அந்த வாசனை ஆகாது, சின்னதில் இருந்தே அப்படித்தான். போனால் முன் அறையில் இருந்துகொண்டே ஜெபித்துவிட்டு வருவேன்.

போனிலும் ஜெபிப்பேன். பியூலா போனை அம்மா காதில் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் மனமுருகி ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, "யக்கா, கொஞ்சம் சீக்கிரம் முடி, அம்மா ஈரத்தோட கெடக்கா" என்பாள். ஜெபத்துக்கு நடுவில் பேசுகிற பேச்சா அது? எனக்கு முகம் சுளித்துவிடும். ஆனாலும் ஆமென் சொல்லாமல் வைத்தது கிடையாது.

அவள் படத்தில் இல்லை. பெட்டியைச் சுற்றி எடுத்தது எதிலும் இல்லை. பிரின்ஸி ஆல்பத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே அதுதான். "சித்தியக் காணோமேம்மா?" அந்தப் பிள்ளைக்குத் தன் அம்மா முகம் பாதி இல்லாதது கண்ணில் படவில்லை. நான் சொன்னேன், உன் சித்தி படத்துக்கு நிற்கிற ஆளே இல்லை, அவளுக்கு அதெல்லாம் வேண்டாம் என்று. "கூப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வக்கீல் மாதிரிதான் பேசுகிறார்கள்.

நடந்தது என்ன என்றால், சென்னையில் இருந்து ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள், ஒரு வாய் கடுங்காப்பி கொடுக்க வேண்டாமா? அடுப்படி தெரிந்தவள் அவள்தான். "பியூலா, போய்க் காப்பி போடு" என்றேன். பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூடிருவாங்களாக்கா?" என்றாள். "மூடும்போது கூப்பிடுதேன், நீ போ" என்றேன். கூப்பிடத்தான் நினைத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் மைனி என்னைக் கால்மாட்டுக்குத் தள்ளினது. அந்த மனசு நொந்ததில் எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. பியூலா காப்பித் தட்டோடு வெளியே வரும்போது மூடி ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டை எங்கே வைக்கிறது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். மைனி போய் அந்தத் தட்டில் இருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டாள். பாரும்மா, அந்த நேரத்தில் காப்பி குடிக்க ஒரு பெண்பிள்ளைக்கு மனசு வருகிறது. இன்றைக்கு நினைத்தாலும் சீ என்று இருக்கிறது.

ஆல்பமும் மைனி சொன்ன ஆர்டரில்தான் வந்திருக்கிறது. முதல் பக்கம் அம்மா, அடுத்த பக்கம் அண்ணனும் மைனியும், அதற்கடுத்து அவர்கள் பிள்ளைகள், மைனியின் தம்பி, மைனியின் பள்ளிக்கூடத்து ஆட்கள். நான் எங்கே வருகிறேன் தெரியுமா? பந்தல்காரன் நாற்காலி இறக்குகிறான், அதற்கடுத்த பக்கம். அந்தப் பந்தல்காரன் முகம்கூட முழுசாக விழுந்திருக்கிறது. படத்தில் விழக்கூடாது என்று அம்மா அறையில் கிடந்த வாக்கர், மருந்து டப்பா, பியூலா படுக்கிற பாய், அந்தப் பிளாஸ்டிக் பேசின், எல்லாவற்றையும் கொல்லையில் எடுத்துப் போடச் சொல்லி வீட்டை வீடாக ஆக்கினது நான். அந்த அறையின் படம் எவ்வளவு துப்புரவாக விழுந்திருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருத்தராவது வயலட்தான் செய்தாள் என்று சொன்னார்களா?

நாளைக்கு நாற்பதாம் நாள் ஜெபம். அதற்குள் பெரிய படம் சட்டம் போட்டு ஹாலில் மாட்டணும். ஐயர் வருவார், சங்கத்துப் பெண்கள் எல்லாரும் வருவார்கள். எந்தப் படத்தைப் போடுகிறது என்று மைனி சென்னையில் இருந்தே இவனுக்குப் போனில் ஆர்டர் கொடுத்துவிட்டாள், அவள் தலைமாட்டில் நிற்கிறதைத்தான். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது காலத்துக்கும் எங்க அம்மா வீட்டுச் சுவரில் இருக்கும். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றா? பியூலாதான் இருக்கிறாள், இப்போதைக்கு.

அதனால்தான் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். பஸ்ஸில் முழுக்க ஜெபித்துக்கொண்டே வந்தேன். கிங்ஸ்டனிடம், நான் தலைமாட்டில் நிற்கிற மாதிரி ஒரு படம் இருக்கா, அதைப் பெரிதாக்கு என்றேன். "ஆர்டர் குடுத்தது ஸ்டெல்லா மேடம். அவங்க சொல்லாம நான் மாத்தினா எனக்குத்தான் வம்பு டீச்சர்" என்று தலையைச் சொறிந்தான். ஞாயிறு பள்ளிப் பழக்கம், இன்னும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். மைனிதான் மாற்றச் சொன்னாங்க என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லையேம்மா. நான் கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டாள். கேட்கவில்லை, அவ்வளவுதான். கர்த்தருக்கு என் இருதயம் தெரியும்.

பிறகு அவன் தேடிப் பார்த்து ஒரே ஒரு படம் இருக்கிறது என்றான். பந்தலில் வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்க முதலில் ஒன்று எடுத்தானாம், வரிசை எல்லாம் நிறுத்துகிறதுக்கு முன்னால். அதில் நான் தலைமாட்டில் நிற்கிறேன். முழு முகமும் இருக்கிறது. கர்த்தர் எனக்கு என்று வைத்திருந்தார் பார். ஆனால் ஏதோ ஒரு இடைஞ்சல் இருக்கிறதாம், சரிபண்ணிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான்.

இதோ கூப்பிடுகிறான். நீயும் வாயேன். உனக்கு இளங்கண், எனக்குக் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரியாது. செருப்பை இங்கேயே விட்டுவிடு.

எங்கே, காட்டு கிங்ஸ்டன். ஆமா, இது நான்தான். பார்த்தியாம்மா, அந்தக் கரை வைத்த சேலை, சொன்னேன் இல்லையா. முகம் நல்லா விழுந்திருக்கு. இது யாரு குறுக்கே? பியூலாவா. அட, நைட்டியோட வந்து நிற்கிறாளே. தோளில் ஒரு துண்டு வேறே. தலையைப் பார், சீப்பே காணாத மாதிரி. இவள் எப்போ வந்தாள், எனக்கு ஞாபகமே இல்லையே. அம்மா மேலே குனிந்துகொண்டு, கேமராவையும் பார்க்காமல். சீ, இதையா ஹாலில் மாட்டுகிறது? சங்கத்துப் பெண்கள் என்ன நினைப்பார்கள்? எடுத்துவிடு கிங்ஸ்டன். எடுக்கலாம் இல்லையா? அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் எதுக்கும் ஒன்றும் சொன்னதில்லை.

எடுத்துட்டியா? ஆமா, போயிட்டாளே. அந்த இடத்தில் பின்னால் இருந்த திரைத்துணியை வைத்து அடைச்சிட்டியா. கெட்டிக்காரன். ஆள் நின்ற தடமே தெரியவில்லை.

இது என்ன, இங்கே அம்மா நெற்றியில்?

கையா. பியூலா கையா. அதையும் எடு. ஏன் வராது? கையை எடுத்தால் அதற்குக் கீழே நெற்றி இல்லையா. அம்மா முகமே கெட்டுப்போகுமா? வேறே படத்தில் இருக்கிற நெற்றியை எடுத்து ஒட்டேன். இந்தக் கோணத்தில் வேறே இல்லையா. ம்.

நீ எங்கேம்மா கிளம்பிட்டே? உன் படம் இன்னும் வரவில்லையே. வெளியே இருக்கியா, சரி, இரு. இங்கே புழுக்கமாகத்தான் இருக்கிறது.

கிங்ஸ்டன், இங்கே பார். அந்தக் கையைத் தொடாதே. அது என் பக்கமாகத்தானே இருக்கிறது. கொஞ்சம் என் தோளோடு சேர்த்து இழுத்து வைக்க முடியுமா? சேலைத் தலைப்பு மறைக்கிற மாதிரி. ஆங், அப்படித்தான். இப்போ பார்க்கிறவர்களுக்கு நான் அம்மா நெற்றியைத் தடவிக்கொடுக்கிற மாதிரித்தானே இருக்கிறது. நல்லா இருக்கு. உருக்கமா இருக்கு.

இதையே போட்டுவிடு. அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஜெரினுக்கும் பிரின்ஸிக்கும் சின்னதாக. பியூலாவுக்குத் தனியாக வேண்டாம், ஹாலில்தான் தினமும் பார்க்கப்போகிறாளே.

ஒரே ஒரு காரியம். கை மொட்டையாக இருக்கிறது பார். அவள் எதுவும் போட மாட்டாள், அம்மாவைத் துடைக்கும்போது கீறிவிடும் என்று கழற்றினவள் பிறகு போடவே இல்லை. எனக்கு வெறுங்கை கிடையாது, ஊருக்கே தெரியும். இந்தா, என் கையை ஒரு படம் எடுத்துக்கோ. இந்த ரெண்டு வளையலையும் அதில் போட்டுவிடு.